வென்றார் சரி, எந்தப் பந்தயத்தில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஃபார்முலா 1க்கு ஏறும் படிகளாக ஐரோப்பாவில் நடக்கும் ஃபார்முலா 3, ஃபார்முலா 4 கார் பந்தயங்களைப் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அவ்வப்போது நாலு வரிச் செய்தி வருகிறது. கிரிக்கெட்டுக்கு முக்கால் பக்கம் போன பிறகு இதற்கும் இடம் கிடைப்பது மகிழ்ச்சி. ஆனால் அந்த நாலு வரியில் "இன்னார் வென்றார்" என்பதைத் தாண்டி எதுவும் இருப்பதில்லை. இளையோர் ஃபார்முலா பந்தயத்தில் அது பாதிச் செய்திதான். எந்தப் பந்தயத்தில் வென்றார், எத்தனையாவது இடத்திலிருந்து புறப்பட்டார், எத்தனை புள்ளி கிடைத்தது என்பதும் சேர்ந்தால்தான் படிப்பவருக்கு ஏதாவது புரியும்.

காரணம், ஒரே வார இறுதியில் இரண்டு பந்தயங்கள் நடக்கின்றன. இரண்டும் ஒரே எடை உள்ளவை அல்ல. இப்போதைய எஃப்ஐஏ (உலக மோட்டார் பந்தய அமைப்பு) ஃபார்முலா 3 போட்டியில் 10 அணிகள், அணிக்கு 3 கார், மொத்தம் 30 கார்கள். வெள்ளிக்கிழமை 45 நிமிடப் பயிற்சி, அதன்பின் 30 நிமிடத் தகுதிச் சுற்று. சனிக்கிழமை நடப்பது ஸ்பிரிண்ட் பந்தயம். ஞாயிற்றுக்கிழமை ஃபீச்சர் பந்தயம். ஃபீச்சருக்குத் தகுதிச் சுற்றில் வந்த வரிசை அப்படியே கிரிட் (புறப்படும் வரிசை) ஆகிறது. ஸ்பிரிண்டுக்கு முதல் 12 பேரை மட்டும் தலைகீழாக நிறுத்துகிறார்கள். தகுதிச் சுற்றில் 12ஆவது வந்தவர் முதல் இடத்தில் நிற்பார்; அதிவேகமாக ஓட்டி 'போல்' (தகுதிச் சுற்றின் முதல் இடம்) எடுத்தவர் 12ஆவது இடத்தில் நிற்பார். 13ஆவது வந்தவருக்கு எந்தச் சலுகையும் இல்லை, 13லேயே நிற்க வேண்டியதுதான். பல தடங்களில் 12க்கும் 13க்கும் இடையே இருப்பது நூறில் சில பங்கு வினாடி. அந்தச் சொற்ப நேரத்தில் ஒருவருக்கு முன்வரிசை, அடுத்தவருக்கு ஏழாவது வரிசை.

புள்ளிகளும் அப்படியே. ஃபீச்சரில் வென்றால் 25, அடுத்து 18, 15, 12, 10 என்று இறங்கும். ஸ்பிரிண்டில் வென்றால் 10தான். பிறகு 9, 8, 7 என்று ஒவ்வொன்றாகக் குறையும். போல் எடுத்தவருக்கு 2 புள்ளி. ஃபீச்சரில் ஐந்தாவது வந்தவரும் ஸ்பிரிண்டில் முதலாவது வந்தவரும் ஒரே 10 புள்ளியோடு வீடு திரும்புகிறார்கள். உங்கள் பக்கத்தில் ஃபீச்சரில் ஐந்தாவது வந்தவர் பெயர் வராது, ஸ்பிரிண்டில் வென்றவர் படத்தோடு வருவார்.

முன்னால் நின்று புறப்படுவதன் அனுகூலம் இந்தக் கார்களில் சாதாரணமானது அல்ல. ஃபார்முலா 3 பந்தயத்தில் டயர் மாற்ற பிட்டுக்குள் வரும் கட்டாயம் கிடையாது. புறப்பட்ட செட்டிலேயே முடிக்க வேண்டும். முன்னால் ஒரு கார் ஓடினால் அதன் பின்புறக் கலங்கல் காற்றில் நம் கார் முன்சக்கரப் பிடியை இழக்கும். வளைவில் சறுக்கும். சறுக்கினால் டயரின் மேற்பரப்பு சூடேறும். சூடேறிய டயர் மேலும் சறுக்கும். ஐந்தாறு லேப் (தடத்தை ஒருமுறை சுற்றுவது ஒரு லேப்) இப்படியே ஒட்டிப் போனால் பின்தொடர்பவரின் டயர்தான் முதலில் ஓயும். அதனால்தான் நேர்ப்பாதையில் சிலர் முன்காரின் நிழலை விட்டு வேண்டுமென்றே ஒதுங்கி ஓடுவதைப் பார்க்கலாம்; பயந்து அல்ல, டயரைக் காற்றுக்குக் காட்டி ஆற்றுகிறார்கள். முன்னால் போகிறவருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. மொனாக்கோ, ஹங்கேரி போன்ற குறுகலான தடங்களில் ஸ்பிரிண்டின் முன்வரிசை பாதி வெற்றி. மோன்சா, ஸ்பா போன்ற நீண்ட நேர்ப்பாதைத் தடங்களில் கதை வேறு. அங்கே பின்னால் வருபவர் காற்று மறைவில் வேகம் எடுத்து, முந்துவதற்கென்றே பின்புறம் உள்ள டிஆர்எஸ் இறக்கையையும் திறந்து தாண்டிவிடுவார். அதனால் மோன்சாவில் 10ஆவது இடத்திலிருந்து வந்து ஸ்பிரிண்ட் வெல்வதும், மொனாக்கோவில் முதல் இடத்திலிருந்து வெல்வதும் வெவ்வேறு திறமைகள். எதையும் மட்டம் தட்டச் சொல்லவில்லை. பிரித்து எழுதுங்கள் என்கிறோம்.

வெற்றி எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் எவ்வளவு தப்பாகப் போகும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள். 2014இல் எஃப்ஐஏ ஃபார்முலா 3 ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் 16 வயது மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் 10 பந்தயங்களை வென்றார். சாம்பியன் ஆனவர் 9 வெற்றி பெற்ற எஸ்தபான் ஒக்கோன். வெர்ஸ்டாப்பனுக்கு இரண்டாவது இடம்கூட இல்லை. அது அவரைவிடக் குறைவாக வென்ற டாம் புளோம்க்விஸ்டுக்குப் போனது. முடிக்காமல் விட்ட பந்தயங்கள் வெர்ஸ்டாப்பனை மூன்றாவது இடத்துக்கு இழுத்துவிட்டன. இத்தனைக்கும் அந்தப் போட்டியில் அப்போது தலைகீழ் வரிசை கிடையாது. இரண்டாவது உதாரணம் இன்னும் விசித்திரம். 2024இல் இத்தாலியின் லியோனார்டோ ஃபோர்னாரோலி ஒரு பந்தயம்கூட வெல்லாமல் ஃபார்முலா 3 சாம்பியன் ஆனார். கடைசி ரவுண்டு மோன்சாவில், கடைசி லேப்பில் மூன்றாவது இடத்தைப் பிடித்துப் பட்டம் வாங்கினார். "வென்றார்" செய்திகளை மட்டுமே படித்துவந்த வாசகருக்கு அந்த ஆண்டு முழுவதும் அவர் பெயரே தெரிந்திருக்காது. அடுத்த ஆண்டு அவர் ஃபார்முலா 2 சாம்பியன்.

நம்மவர்கள் விஷயத்திலும் இதே கதைதான். 2005 ஜூனில் இண்டியானாபோலிசில் நாராயண் கார்த்திகேயன் நான்காவது வந்தார், 5 புள்ளி வாங்கினார். அவருடைய ஃபார்முலா 1 வாழ்க்கையில் புள்ளி கிடைத்த ஒரே பந்தயம் அது. மிஷலின் டயர் சிக்கலால் 14 கார்கள் அணிவகுப்பு லேப்போடு உள்ளே போய்விட, பந்தயத்தில் ஓடியவை 6 கார்கள் மட்டுமே. இதைச் சேர்த்து எழுதினால் கோயம்புத்தூர்க்காரரின் மதிப்பு ஒன்றும் குறைந்துவிடாது; அந்த ஆறில் அவருடைய ஜோர்டான் வேகமான கார் அல்ல, தவறில்லாமல் கொண்டுவந்து சேர்த்தார். 2025 மே மாதம் மொனாக்கோவில் குஷ் மைனி ஃபார்முலா 2 ஸ்பிரிண்டை வென்றது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. ஃபார்முலா 2இல் தலைகீழாக நிறுத்துவது முதல் 10 பேரை. அதில் அவருக்கு முதல் இடம் கிடைத்தது என்பதும், இருபுறமும் தடுப்புவேலி உள்ள தெருவில் கடைசிவரை யாரையும் தாண்ட விடாமல் ஓட்டினார் என்பதும் சேர்ந்ததுதான் அந்த வெற்றி. முதல் பாதியை மறைத்தால் இரண்டாம் பாதியின் அருமையும் தெரியாமல் போகிறது.

அடுத்தது, போட்டியின் பெயர். "ஐரோப்பிய ஃபார்முலா 3" என்று இப்போதும் எழுதுகிறீர்கள். அந்தப் பெயரில் 2012இல் தொடங்கிய சாம்பியன்ஷிப் 2018இல் மிக் ஷூமாக்கர் பட்டம் வென்றதோடு முடிந்துவிட்டது. 2019 முதல் ஜிபி3 (GP3) போட்டியின் இடத்தில் வந்திருப்பது எஃப்ஐஏ ஃபார்முலா 3. ஃபார்முலா 1 நடக்கும் அதே தடத்தில், அதே வார இறுதியில் ஓடுவது. இதற்குக் கீழே ஃபார்முலா ரீஜனல் ஐரோப்பியப் போட்டி. 2021இல் ஃபார்முலா ரெனோ யூரோகப்பும் இதில் கலந்தது. பிரிட்டனில் ஃபார்முலா 3 என்று ஓடியது 2021இலேயே ஜிபி3 (GB3) என்று பெயர் மாறிவிட்டது. பழைய ஜிபி3 வேறு, இந்த ஜிபி3 வேறு. குழப்பம் வருவது இயல்புதான். எஞ்சின் சக்தியைப் பார்த்தால் படிகள் தெளிவாகும். ஃபார்முலா 4இல் 1.4 லிட்டர் டர்போ, சுமார் 180 குதிரைசக்தி. ரீஜனலில் சுமார் 270. ஃபார்முலா 3இல் டர்போ இல்லாத 3.4 லிட்டர் வி6, 380. ஃபார்முலா 2இல் 620. இவற்றில் எதிலும் பவர் ஸ்டியரிங் கிடையாது. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் கழுத்துக்கும் முன்கைக்கும் தனிப் பயிற்சி எடுப்பது அதனால்தான்.

"இன்னும் ஒரு படி, அப்புறம் ஃபார்முலா 1" என்ற வாக்கியமும் அடிக்கடி வருகிறது. வெர்ஸ்டாப்பன் 17 வயதில் ஃபார்முலா 1க்கு வந்த பிறகு எஃப்ஐஏ கதவை இறுக்கிவிட்டது. பொதுவிதிப்படி ஃபார்முலா 1 ஓட்டுவதற்கான உரிமமான சூப்பர் லைசென்ஸுக்கு 18 வயது ஆக வேண்டும், மூன்று ஆண்டுகளில் அதற்கென்று உள்ள உரிமப் புள்ளி 40 சேர வேண்டும். ஃபார்முலா 4 பட்டத்துக்கு 12, ரீஜனலுக்கு 25, ஃபார்முலா 3 பட்டத்துக்கே 30தான். ஒரு ஸ்பிரிண்ட் வெற்றியைத் தனியாக எடுத்துக்கொண்டு போனால் ஒன்றும் கிடைக்காது. ஆண்டு முடிவில் எத்தனையாவது இடம் என்பதற்குத்தான் கணக்கு.

முடிவுத்தாளைப் படிப்பது பெரிய வித்தை இல்லை. ஒரே பக்கம். தலைப்பின் கீழேயே இது தற்காலிக முடிவா, இறுதி முடிவா என்று அச்சிட்டிருப்பார்கள். முதலில் பார்க்க வேண்டியது அதை. அடுத்து இடம், கார் எண், ஓட்டுநர், அணி, ஓடிய லேப், மொத்த நேரம், முன்னவரோடு இடைவெளி. வலது ஓரத்தில் அவரவருடைய வேகமான லேப்பும் அது எத்தனையாவது லேப் என்பதும். எங்களைக் கேட்டால் இந்த வலது ஓரம்தான் சுவாரசியம். ஒருவர் 14ஆவது வந்திருக்கிறார், ஆனால் அவருடைய லேப் நேரம் பந்தயத்திலேயே இரண்டாவது வேகம் என்றால், காரும் கையும் சரியாக இருக்கின்றன. தகுதிச் சுற்றிலோ புறப்பாட்டிலோ கோட்டை விட்டிருக்கிறார். ஃபார்முலா 2, 3 பந்தயங்களில் டயரை முன்கூட்டியே சூடாக்கும் போர்வைகளுக்கு அனுமதி இல்லை. ஓட்டியேதான் சூடேற்ற வேண்டும். தகுதிச் சுற்றில் டயர் பக்குவத்துக்கு வந்த அந்த ஒரு லேப்பில் யாராவது சுழன்று, சிவப்புக் கொடி விழுந்து சுற்று நின்றால் அன்றைய பொழுது போயிற்று. வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நான்கு சக்கரமும் போனால் அந்த லேப் நேரம் அழிக்கப்படும். 30 கார்களில் முதல் இருபது ஒரு வினாடிக்குள் அடங்கும் தகுதிச் சுற்றுகள் சகஜம்; அதில் ஒரு லேப் அழிந்தால் ஐந்தாவது இடம் இருபதாவது ஆகிவிடும்.

தாளின் அடியில் ஸ்டீவர்டுகளின் (பந்தய நடுவர்களின்) குறிப்பு இருக்கும். தடத்தை விட்டு வெளியேறி இடம் பிடித்ததற்கு 5 வினாடி, மோதியதற்கு 10 வினாடி என்று சேர்ப்பார்கள். கார்கள் ஒட்டி ஒட்டி முடிக்கும் பந்தயத்தில் 5 வினாடி என்பது ஐந்தாறு இடம். சில சமயம் வென்றவரே மாறிவிடுவார். 2024 ஜூலையில் ஹங்கேரியில் ஃபார்முலா 2 ஸ்பிரிண்டில் முதலில் வந்தது ரிச்சர்ட் வெர்ஸ்கோர். ஆக்சிலரேட்டர் மிதியின் மென்பொருள் அமைப்பு விதிக்குப் பொருந்தவில்லை என்று அவரை நீக்கியதும் வெற்றி குஷ் மைனிக்கு வந்தது. தற்காலிக முடிவை வைத்து அச்சேற்றியிருந்தால் இந்தியர் வென்ற செய்தியை இரண்டாம் இடச் செய்தியாகப் போட்டிருப்போம்.

அச்சுக்குப் போகும் நேரம் ஒத்துவரவில்லை என்று சொல்லவும் வழியில்லை. ஃபார்முலா 3 ஃபீச்சர் பந்தயம் பெரும்பாலும் ஞாயிறு காலையிலேயே முடிந்துவிடும். கோடைக்காலத்தில் ஐரோப்பாவில் காலை எட்டரை என்றால் நமக்குப் பகல் 12 மணி. விசாரணை நீண்டாலும் இரவு எட்டு மணிக்குள் இறுதித்தாள் பெரும்பாலும் வந்துவிடும். ராத்திரி நடக்கும் கால்பந்து ஆட்டத்துக்குக் காத்திருக்கும் பக்கம் இதற்கும் காத்திருக்கலாம்.

அணி பெயரையும் விட்டுவிடாதீர்கள். எல்லோருக்கும் ஒரே டல்லாரா கார், ஒரே மெக்காக்ரோம் எஞ்சின், ஒரே பிரெல்லி டயர்தான். ஆனாலும் காரைத் தயார்செய்யும் பொறியாளர்களும் அவர்களிடம் சேர்ந்திருக்கும் பல ஆண்டு டேட்டாவும் ஒன்று அல்ல. 2019இல் ஃபார்முலா 3 பட்டியலின் முதல் மூன்று இடமும் பிரேமா அணிக்கே: ஷ்வார்ட்ஸ்மன், ஆர்ம்ஸ்ட்ராங், நம் ஜெஹான் தருவாலா. அதனால் ஓட்டுநரை எடைபோட நேர்மையான ஒப்பீடு அவருடைய அணித் தோழர்தான். அதே பட்டறை, அதே அமைப்பு. தகுதிச் சுற்றில் இருவருக்கும் எவ்வளவு வித்தியாசம் என்ற ஒரு எண் போதும். இந்த வகையில் பிரான்ஸின் ஃபார்முலா 4 தனி ரகம். அங்கே எல்லாக் கார்களையும் லெ மான்ஸில் இருக்கும் ஒரே பயிற்சி நிலையம் பராமரித்துக் கொடுக்கிறது. அணி என்ற சாக்கு அங்கே செல்லாது.

இதையெல்லாம் ஒரு பத்திரிகை ஏன் இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க வேண்டும் என்றால், இங்கே புதுச்சேரியிலும் கடலூரிலும் இந்தச் செய்திகளைக் கத்தரித்து வைத்துக்கொண்டு கணக்குப் போடும் பெற்றோர் இருக்கிறார்கள். பொழுதுபோக்குக் கார்ட் (சிறு பந்தய வண்டி) தடத்தில் பையன் எல்லோரையும் முந்துகிறான். "ஐரோப்பாவில் ஓட்டிய பயிற்சியாளர்" ஒருவர் வந்து பேசுகிறார். நிலத்தை விற்கலாமா என்ற பேச்சுவரை போகிறது. ஐரோப்பாவில் ஓட்டியது என்றால் பணம் கட்டி எடுத்த ஒரு டெஸ்ட் நாளா, பந்தயமா? பந்தயம் என்றால் எத்தனை கார்? இத்தாலிய ஃபார்முலா 4இல் சில ரவுண்டுகளில் ஏறத்தாழ 40 கார்கள் வரும். அதில் 15ஆவது இடம், 8 கார் ஓடும் போட்டியின் மூன்றாவது இடத்தைவிடப் பெரிது. உங்கள் செய்தியில் கார் எண்ணிக்கை இருந்திருந்தால் அந்தப் பெற்றோருக்குக் கேள்வி கேட்கத் தெரிந்திருக்கும்.

அப்படிக் கணக்குப் போடுகிறவர்களுக்காக இன்னும் கொஞ்சம். சீசன் தொகை என்று அணி சொல்லும் எண்ணில் விபத்துச் செலவு பெரும்பாலும் அடங்காது. ஃபார்முலா 4இல் முதல் லேப் முதல் வளைவில் அதிகம் போவது முன் இறக்கையும் மூக்கும். சக்கரத்தோடு சக்கரம் இடித்தால் ஸ்டியரிங் ராடும் சஸ்பென்ஷன் கைகளும் வளையும். ஓரக் கட்டையில் ஏறி இறங்கினால் அடித்தட்டு தேயும். ஒவ்வொன்றுக்கும் தனி பில் வரும். ஒரு ரவுண்டுக்கு அதிகபட்சம் இவ்வளவு என்று உச்சவரம்பு எழுதி வாங்க வேண்டும், காப்பீடு இருந்தால் அதில் நம் பங்கு எவ்வளவு என்று கேட்க வேண்டும். எஞ்சின் வாடகை கிலோமீட்டர் கணக்கா, புதிய டயர் எத்தனை செட், டெஸ்ட் நாள் எத்தனை, பொறியாளர் ஒருவருக்கு எத்தனை கார், அணித் தோழரின் டேட்டாவைப் பார்க்க விடுவார்களா? கடைசிக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுவதே நல்லது.

ஃபார்முலா 4க்குக் குறைந்தபட்ச வயது 15. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வும் அதை ஒட்டிய வருடமும். ஐரோப்பிய சீசன் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலம்வரை ஓடும். அதற்கு முந்தைய டெஸ்ட் நாட்கள் சரியாகத் தேர்வு மாதத்தில் விழும். ஷெங்கன் விசாவில் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம் என்பதால் ரவுண்டுகளுக்கு நடுவே ஊர் திரும்பித்தான் ஆக வேண்டும், விமானச் செலவு ஏறும். பிரிட்டனில் ஓட்டினால் அதற்கு வேறு விசா. பிரெஞ்சு பாஸ்போர்ட் உள்ள புதுச்சேரிக் குடும்பங்களுக்கு இந்த ஷெங்கன் கணக்கு இல்லை. அவர்களுக்கு மேலே சொன்ன லெ மான்ஸ் வழி இயல்பாகவே பொருந்தும்.

அடுத்த முறை செய்தி எழுதும்போது இப்படி இருந்தால் போதும்: "எஃப்ஐஏ ஃபார்முலா 3, மோன்சா, ஸ்பிரிண்ட் பந்தயம், 30 கார்கள். வென்றவர் இன்னார், இன்ன அணி. தகுதிச் சுற்றில் 9ஆவது, தலைகீழ் வரிசைப்படி 4ஆவது இடத்திலிருந்து புறப்பட்டார். பெற்ற புள்ளி 10. பட்டியலில் இப்போது 6ஆவது. முடிவு இறுதியானது." எண்ணிப் பார்த்தால் இதுவும் நாலு வரிதான்.

நம் பக்கத்துப் பந்தயங்களுக்கும் இதையே செய்யுங்கள். இருங்காட்டுக்கோட்டை தடம் புதுச்சேரியிலிருந்து திண்டிவனம், செங்கல்பட்டு வழியாக மூன்று மணி நேரப் பயணம். அங்கே எல்ஜிபி ஃபார்முலா 4 ரவுண்டுகள் நடக்கும் வார இறுதிகளில் ஒரு நிருபரை அனுப்பினால் முடிவுத்தாள் அறிவிப்புப் பலகையிலேயே ஒட்டியிருக்கும். அந்தப் பந்தயத்தையும் எஃப்ஐஏ சான்று பெற்ற இந்திய ஃபார்முலா 4 போட்டியையும் ஒன்றாக்கி எழுதிவிட வேண்டாம். முன்னதில் ஓடுவது மாருதி எஞ்சின் பூட்டிய, இங்கேயே கட்டிய கார். பின்னதில் ஓடுவது பிரான்ஸின் மிகால் கார். 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் நடந்தபோது இரண்டையும் ஒரே பெயரில் போட்ட பத்திரிகைகள் உண்டு.

இப்படிக்கு,
மோட்டார் பந்தய வாசகர்கள் சிலர்,
முதலியார்பேட்டை, புதுச்சேரி.